விசாலாக்ஷி மேடம் இருக்காங்களா?

அத்தியாயம் 11

"பாரத்வாஜ கோத்ராயாஹா, விசாலாக்ஷி நாம்ந்யாஹா..."

சாஸ்திரிகள் சொல்லிக்கொடுக்க, சுவாமிநாதன் திருப்பிச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்துக் கூடத்து மூலையில் டெலிபோன் அடித்தது.

எள்ளும் தண்ணீரும் அவருடைய உள்ளங்கையிலேயே நின்றுவிட்டன.

"அது அடிக்கட்டும். நீங்க இங்கே பாருங்கோ. பேரைச் சொல்லி ஜலத்தை விடுங்கோ," என்றார் சாஸ்திரிகள். மந்தைவெளியில் அவருக்கு அடுத்த வீடு காத்துக்கொண்டிருந்தது.

சுவாமிநாதன் பேரைச் சொன்னார். ஜலத்தை விட்டார். காது மட்டும் டெலிபோன் பக்கமே போய் உட்கார்ந்துகொண்டது.

மகள் ஸஹானா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து ரிசீவரை எடுத்தாள். "ஹலோ," என்றாள். அதற்கப்புறம் குரல் தாழ்ந்துவிட்டது. "ஆமாம்... ம்... சரி... ஆகட்டும்," என்று துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது.

எதிர்முனையில் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று நன்றாகவே தெரியும். விசாலாக்ஷி மேடம் இருக்காங்களா?

இங்கே பலகையில் உட்கார்ந்து, போனவளை வந்து ஏற்றுக்கொள்ளும்படி அவர் கூப்பிடுகிறார். அங்கே யாரோ அதே பேரைச் சொல்லி டெலிபோனில் கூப்பிடுகிறார்கள். இரண்டு பக்கமும் கூப்பிட்டால் பாவம் அவள் எந்தப் பக்கம் வருவாள் என்று அசட்டுத்தனமாக ஒரு யோசனை ஓடியது.

"பூணூலை வலம் பண்ணிக்கோங்கோ," என்றார் சாஸ்திரிகள்.

அவர் கிளம்பும்போது வாசலில் நின்று நினைவுபடுத்தினார்: "மாசிக நாள். ராத்திரி வரைக்கும் வெளியில எங்கேயும் கை நனைக்கப்படாது. காபி கூட வேண்டாம்."

சுவாமிநாதன் தலையாட்டினார். பிறகு உள்ளே வந்து, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"யாரும்மா போன்ல?"

"ராங் நம்பர்," என்றாள் ஸஹானா.

ராங் நம்பருக்கு யாராவது 'ஆகட்டும்' என்று பதில் சொல்வார்களா? ஆனால் அதைக் கேட்கிற யோக்கியதை அவருக்கு இருக்கவேண்டுமே.

போன மாதக் கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காகவும், இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி அடைமழையில் விசாலாக்ஷி கண்ணை மூடினாள். எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறமும் சும்மா இருக்கத் தெரியாமல், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறை வைத்து நடத்தியவள். ஸ்டெபிலைசருக்குள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. பெண்ணின் பேரில் 'ஸஹானா வைண்டிங்ஸ்'. ஆறேழு பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். பட்டறைக்கு டெலிபோன் கேட்டு எழுதிப்போட்டு இன்னும் வரவில்லை. அதனால் கார்டில் போட்டிருப்பது இந்த மயிலாப்பூர் வீட்டு நம்பர்தான்.

மாதத்துக்கு ஒருநாள் தியாகராய நகரில் ஒரு ஓட்டல் மாடி ஹாலில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் கூடுவார்கள். விசாலாக்ஷி அதைத் தவறவிட்டதில்லை, உடம்பு படுத்தத் தொடங்கின கடைசி ஆறு மாதம் தவிர.

"போண்டா தின்னுட்டுக் கார்டு மாத்திக்கறதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்று சுவாமிநாதன் கேலி செய்வார்.

"பட்டறைக்குள்ளயே உட்கார்ந்திருந்தா ஆர்டர் தேடிண்டு வராதுன்னா. நாலு பேர் கூடற இடத்துல நம்ம முகமும் இருக்கணும்," என்பாள் அவள். "ஆபீஸ்ல உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்கறவாளுக்கு இது புரியாது."

அவர் தணிக்கைப் பிரிவு அதிகாரி. தப்புக் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம்.

அந்தத் தணிக்கை அதிகாரிதான் போன மாதம் அந்த ஹாலுக்குப் போனார். அவள் போய்விட்டாள், இனிமேல் அழைப்பு அனுப்பாதீர்கள் என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வர. வாசலில் மேஜை போட்டிருந்தார்கள். மேஜையில் அவள் பேரை டைப் அடித்து ஒரு பேட்ஜ் தயாராக இருந்தது.

"மேடம் வரலையா சார்?" என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண்.

"இன்னிக்கு வரலை," என்றார் சுவாமிநாதன்.

அவ்வளவுதான். வாயிலிருந்து விழுந்துவிட்டது. அதற்கப்புறம் உள்ளே போனால் எல்லாரும் விசாரிக்கிறார்கள். மேடம் எப்படி இருக்காங்க, மேடம் சொன்ன கம்பிக் கடையிலதான் சார் இன்னும் வாங்கறேன், மேடத்தைப் பார்த்தே ரொம்ப நாளாச்சே. அவள் கைப்பையில் புதிதாக அச்சடித்த கார்டுகள் இருந்தன. தான் யார் என்று காட்ட அவற்றை எடுத்துப்போயிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். துக்க வருஷம் முடிவதற்குள் தன் பேரில் புதிதாகக் கார்டு அடிக்க அவர் மனசு ஒப்பவில்லை. போனவளின் கார்டை ஊர் முழுக்க விநியோகம் செய்ய மட்டும் அதே மனசு எப்படியோ ஒப்புக்கொண்டுவிட்டது.

உண்மையைச் சொல்லவேண்டுமானால் அந்தச் சாயங்காலம் அவர் சந்தோஷமாக இருந்தார். வீட்டில் அவள் மாலை போட்ட படம். அந்த ஹாலில் அவள் எங்கேயோ வெளியே போயிருக்கிறவள். நாளைக்கே வந்துவிடக்கூடியவள்.

அதன் பலன்தான் இந்த டெலிபோன். கார்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். "வெளியில போயிருக்கா." "ஊர்ல இல்லை." ஒருநாள் வேறெதுவும் தோன்றாமல், "குளிச்சுண்டிருக்கா," என்று சொல்லிவிட்டார். ரிசீவரை வைத்துவிட்டு நேரே குளியலறைக் கதவருகே போய் நின்றார். உள்ளே பக்கெட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று நகராமல் காத்திருந்தார். குழாய் அதுவாக நிற்காது, போய் மூடவேண்டும் என்று புரிய அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

சரி, கதைக்கு வருகிறேன்.

மாசிகச் சமையலைச் சாப்பிட்டு எழுந்ததும் ஸஹானா பட்டறைக்குக் கிளம்பினாள். அம்மா போனதிலிருந்து தினமும் அவள்தான் போகிறாள். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"சாயங்காலம் அந்த மீட்டிங்குக்குப் போறேளாப்பா?"

"போயிட்டு வரலாம்னு."

"போன மாசம் போனேளே. அம்மா விஷயத்தைச் சொல்லியாச்சோல்லியோ?"

சுவாமிநாதன் வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிறவர் மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பினார். வெற்றிலை போடுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

"சொல்லியாச்சு."

அவள் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வெள்ளைச்சாமின்னு ஒருத்தர் வருவார். சீசன் ஆர்டரை இன்னிக்கு அவர் தீர்மானம் பண்ணுவார். அது வரலைன்னா மாசக் கடைசியோட பட்டறையை மூட வேண்டியதுதான். அந்தப் பொண்களுக்கு நான் என்னப்பா சொல்றது?"

இதுவும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். கிண்டியில் ஸ்டெபிலைசர் கம்பெனி வைத்திருக்கிறவர் வெள்ளைச்சாமி. வெயில் காலம் வந்தால் ஊரில் கரெண்ட் ஏறி இறங்கும், வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வாங்குவார்கள், அதற்கான சாமானை மாசியிலேயே சொல்லிவைப்பார்கள். போன மாதம் அவர் இரண்டு கையாலும் கார்டை வாங்கிக்கொண்டு சொன்னது இது: "அடுத்த கூட்டத்துக்கு மேடத்தைக் கூட்டிட்டு வாங்க சார். முகம் பார்க்காம நான் ஒரு ஆணி கூட வாங்க மாட்டேன்."

சொன்னால் ஆர்டர் போய்விடும். சொல்லாவிட்டால் முகத்துக்கு எங்கே போவது? சாயங்காலம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது சுவாமிநாதனுக்கு மண்டை காய்ந்தது.

"இன்னா சார், எங்க பார்த்தாலும் ஒரே ஜனமா கீது. பனகல் பார்க்காண்டயே எறங்கிக்கிறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

இறங்கி நடந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை நின்றார். ஓட்டல் படியில் கால் வைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. வெட்கக்கேடான நிம்மதி. இந்த மாடியில் அவள் இன்னும் சாகவில்லை.

மேஜையில் இந்தத் தடவையும் பேட்ஜ் தயாராக இருந்தது. விசாலாக்ஷி சுவாமிநாதன். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையில் ஏற்கெனவே அவள் கார்டுகள் இருந்தன. குனிந்தால் லேசாக வார்னிஷ் வாசனை வந்தது.

அந்த வாசனை பற்றியும் சொல்லவேண்டும். சுற்றின சுருளை வார்னிஷில் முக்கி எடுத்துச் சூட்டில் காயவைப்பார்கள். பட்டறையிலிருந்து வரும்போது விசாலாக்ஷியின் புடைவை, தலைமயிர், கைப்பை எல்லாம் அந்த நெடி அடிக்கும். "குளிச்சுட்டு உள்ள வாயேன்," என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறார். இப்போது கைப்பையைத் திறந்து திறந்து மோந்து பார்க்கிறார்.

"வாங்க சார்." வெள்ளைச்சாமி கையில் போண்டாத் தட்டோடு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், பெரிய உருவம், பேச்சில் அவசரமே கிடையாது. "மேடம் பின்னால வர்றாங்களா? மொதல்ல சாப்பிடுங்க, சூடா இருக்கு."

"வேண்டாம். நீங்க சாப்பிடுங்கோ."

"ஏன் சார், சுகருங்களா?"

"அதெல்லாம் இல்லை. இன்னிக்கு வெளியில சாப்பிடப்படாது."

"விரதமா?"

இங்கே ஒரு 'ஆமாம்' போட்டிருந்தால் முடிந்திருக்கும். காலையில் சாஸ்திரிகள் முன்னால் வாயில் ஏறின வார்த்தை, வேறு வார்த்தைக்கு இடம் விடவில்லை.

"மாசிகம்," என்றார்.

"அப்படின்னா?"

"போனவாளுக்கு மாசா மாசம் செய்யறது."

வெள்ளைச்சாமி போண்டாவைத் தட்டில் திரும்ப வைத்தார். "யாரு சார் போயிட்டாங்க?"

சுவாமிநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் முன்பக்கம் செயலாளர் மேஜைமணியைத் தட்டினார். எல்லாரும் நாற்காலியைப் பார்த்து நகர்ந்தார்கள். தப்பித்தோம் என்று அவரும் ஒரு நாற்காலியில் போய் விழுந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிமிஷம். எழுந்து பேரைச் சொல்லி, செய்கிற தொழிலைச் சொல்லி, இப்போது தனக்கு என்ன வேண்டும் என்று ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். நிமிஷம் முடிந்தால் மணி. கேட்டதைக் கொடுக்க முடிந்தவர் கூட்டம் கலையும்போது தேடிப் போய்ப் பேசுவார். ஒருவர் அட்டைப்பெட்டி செய்ய ஆள் வேண்டும் என்றார். ஒருவர் அம்பத்தூரில் வாடகைக்குக் கொட்டகை கேட்டார். ஒரு அம்மாள் கையைப் பிசைந்துகொண்டே, பாங்கில் யாரிடம் பேசுவது என்று சொன்னால் போதும் என்றாள். கேட்பவர் முகத்தைவிடக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத்தான் சுவாமிநாதன் பார்த்தார். அத்தனை பேரும் கவனமாகக் கேட்டார்கள். போண்டாவுக்காக வந்த கூட்டமாகத் தெரியவில்லை. இதை அவளிடம் ஒத்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது.

"அடுத்தது, ஸஹானா வைண்டிங்ஸ்," என்றார் செயலாளர். "விசாலாக்ஷி சுவாமிநாதன்."

ஒரே நாளில் அந்தப் பேர் மறுபடியும் கூப்பிடப்பட்டது. காலையில் கூப்பிட்டபோது யாரும் எழுந்து வரவில்லை. சுவாமிநாதன் எழுந்தார்.

"என் பேர் சுவாமிநாதன். விசாலாக்ஷி என் ஆத்துக்காரி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஐப்பசியில காலமாயிட்டா."

செயலாளர் கையிலிருந்த பட்டியலைக் கீழே வைத்தார்.

"போன மாசமே இதைச் சொல்லத்தான் வந்தேன். உள்ள வந்தா நீங்க எல்லாரும் அவளை விசாரிச்சேள். ஆத்துல யாரும் அவளை அப்படி விசாரிக்கறதில்லை. வந்தவா எல்லாம் எப்படிப் போனான்னுதான் கேட்டா. நீங்க மட்டும்தான் எப்படி இருக்கான்னு கேட்டேள். இன்னிக்கு வரலைன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லிண்டிருக்கற வரைக்கும் அவ எங்கேயோ இருக்கான்னு ஒரு... தப்புதான். மன்னிச்சுக்கணும்."

முன்னால் இருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு என்ன வேணும்னு கேட்கணுமாமே. எனக்கு அது தெரியலை."

அவர் உட்காரவில்லை. நிமிஷத்தில் மிச்சமிருந்த நேரம் அப்படியே கழிந்தது. செயலாளர் மணியைத் தட்ட மறந்து, பிறகு நினைவு வந்து மெல்லத் தட்டினார்.

அப்போது வெள்ளைச்சாமி எழுந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், என்ன சொல்றீங்க? இன்னிக்குக் காலையில நான் மேடத்துகிட்டப் பேசுனேனே."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"உங்க வீட்டு நம்பருக்குத்தான் போட்டேன். அவங்கதான் எடுத்தாங்க. எனக்கு அந்தக் குரல் தெரியாதா? சீசன் ஆர்டரை அலுமினியத்துல முடிச்சுக்கலாமான்னேன். ஆகட்டும்னாங்க."

சுவாமிநாதனுக்குக் காலையில் கேட்ட 'ஆகட்டும்' திரும்பக் கேட்டது. பலகை, எள், தண்ணீர், கூடத்து மூலை. அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் வார்னிஷ் நெடி வந்தது.

கார்டிலிருந்து வருகிற லேசான வாசனை இல்லை இது. பட்டறையிலிருந்து நேரே வீட்டுக்குள் நுழைகிற நெடி. முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கமிருந்து வந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் இருக்கமாட்டாள் என்று பயம். திரும்பினால் இருப்பாளோ என்று அதைவிடப் பயம்.

"நான்தான் பேசினேன்," என்றது விசாலாக்ஷியின் குரல்.

எல்லாரும் திரும்பியபிறகுதான் சுவாமிநாதன் திரும்பினார். கதவருகே ஸஹானா நின்றுகொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். துப்பட்டாவில் வார்னிஷ் கறை, காலில் அம்மாவின் செருப்பு.

அவர் உட்கார்ந்துவிட்டார். நிம்மதியா, ஏமாற்றமா என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. இரண்டும்தான்.

"என் பொண்ணு," என்றார் பொதுவாக, யாருக்கென்று இல்லாமல்.

ஸஹானா நேரே வெள்ளைச்சாமியிடம் போனாள்.

"மேடமான்னு கேட்டேள். இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மாவை யாரோ கூப்பிடறா, அவ இருக்கான்னு நினைச்சுண்டு பேசறா... எனக்கும் இல்லைன்னு சொல்ல வரலை." அப்பாவை ஒருமுறை பார்த்தாள். "எங்காத்துல எல்லாருக்கும் இதே வியாதி."

வெள்ளைச்சாமி துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கே அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சும்மா. செம்புக் கம்பி விலை ஏறுது, அலுமினியத்துல சுத்திக் குடுங்கன்னு மூணு சீசனாக் கேக்கறேன். மூணு சீசனா மாட்டேன்னவங்க. இன்னிக்குக் கேட்ட வாயை மூடலை, ஆகட்டும்னுட்டாங்களேன்னு."

சுவாமிநாதனுக்கு அது நன்றாக நினைவிருந்தது. பேப்பர் படித்துக்கொண்டே இந்தப் பக்கம் அவள் பேச்சை மட்டும் கேட்டிருக்கிறார். 'அலுமினியம்னா வேற ஆளைப் பாருங்கோ. சூடேறிக் கருகினா யாராத்து ஃப்ரிட்ஜோ போயிடும். அது என் கை சுத்தினதா இருக்கப்படாது.' பெரிய ஆர்டர் கைக்கு வந்து வந்து போனது அதனால்தான்.

"எனக்குத் தெரியாது," என்றாள் ஸஹானா. "பட்டறையில போய்ச் சொன்னேன். ஆர்டர் வந்துடும்னு. அலுமினியம்னதும் அத்தனை பேரும் மெஷினை நிறுத்திட்டா. அம்மா மாட்டேன்னதாச்சேன்னா. அதான் ஓடி வந்தேன்."

செயலாளர் தர்மசங்கடத்தோடு மணியைக் கையில் எடுத்தார். "மன்னிக்கணும்மா. ஒரு கம்பெனிக்கு ஒரு நிமிஷம்தான். உங்க நிமிஷம் முடிஞ்சுடுச்சு. அப்புறம் தனியா..."

"என் நிமிஷத்தை அவங்க எடுத்துக்கட்டும்," என்று ஒரு குரல் வந்தது. கடைசி வரிசையில், கறுப்பு புர்கா அணிந்த ஒரு பெண்மணி கையைத் தூக்கியிருந்தாள். சுவாமிநாதன் அவளை அதுவரை பார்த்ததில்லை.

செயலாளர் மணியைக் கீழே வைத்தார்.

ஸஹானா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாரும் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னாள்.

"என் பேர் ஸஹானா. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுத்தறோம். செம்புக் கம்பி மட்டும்." வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினாள். "காலையில எங்கம்மா குரல்ல நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதை எங்கம்மா சொல்லியிருக்கமாட்டா. அந்த வார்த்தையைத் திருப்பிக் குடுங்கோ. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைச்சாமி சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். போன மாதம் சுவாமிநாதன் கொடுத்தது. அதைத் திருப்பித் தருகிறார் என்று நினைத்து அவர் கையை நீட்டினார். வெள்ளைச்சாமி தரவில்லை.

"வார்த்தையைத் திருப்பித் தந்துட்டேன், தாயி. ஆர்டர் அலுமினியத்துக்குத்தான். அது வேற. செம்புல எடுக்கலாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை." கார்டை மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில பட்டறைக்கு வர்றேன். உங்க கையால ஒண்ணு சுத்திக் காட்டுங்க. அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

ஸஹானாவின் முகம் விழுந்தது. அவள் கம்பி சுற்றக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. நேற்றுக்கூட ஒன்று அறுந்துபோனது என்று வந்து சொன்னாள்.

இருவரும் ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். லஸ் தாண்டும்போது அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.

பூட்டைத் திறக்கும்போதே உள்ளே டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

ஸஹானா எடுக்கப் போனாள். சுவாமிநாதன் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார். இதை அவர்தான் சொல்லவேண்டும். இன்றைக்கு ஒருமுறை சொல்லியாகிவிட்டது. வீட்டுக்குள் நின்று, அவள் படத்துக்கு எதிரே, இன்னும் சொல்லவில்லை.

ரிசீவரை எடுத்தார். கேள்வி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரம்.

"விசாலாக்ஷி இல்லை. காலமாயிட்டா."

படம் அப்படியேதான் இருந்தது. குளியலறைக் குழாய் சொட்டவில்லை.

"தெரியும் சார்," என்றது ஒரு பெண் குரல். "நான் சுவாமிநாதன் சாரைக் கேட்டுத்தான் போட்டேன்."

இந்த டெலிபோனில் அவரைக் கேட்டு யாரும் கூப்பிட்டதில்லை. "நான்தான். நீங்க யாரு?"

"என் பேர் நஸ்ருன்னிசா. பெரம்பூர்ல எம்ப்ராய்டரி வேலை எடுத்துச் செய்யறேன். இன்னிக்கு ஹால்ல என் நிமிஷத்தைக் குடுத்தது நான்தான்."

"உங்களுக்கு நன்றி சொல்லக்கூட முடியலை. கூட்டத்துல தேடினேன்."

"நன்றியெல்லாம் வேணாம் சார். அது மேடத்தோட நிமிஷம்தான். அவங்க கடைசியா வந்த கூட்டத்துக்குத்தான் நான் முதல் தடவையா வந்தேன். லிஸ்ட்டுல என் பேரே இல்லை. அழுதுட்டுத் திரும்பிப் போக இருந்தேன். அவங்க எழுந்திருச்சு, என் நிமிஷத்தை இந்தப் பொண்ணு எடுத்துக்கட்டும்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க. அதனாலதான் இன்னிக்கு எனக்குத் தொழில் நடக்குது."

சுவாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தது நினைவிருந்தது. 'என்ன, போண்டா நன்னா இருந்ததா?' என்றுதான் கேட்டிருந்தார்.

"அன்னிக்கு அவங்க ஒண்ணு கேட்கணும்னு வந்திருந்தாங்க சார். என்னால கேட்காமப் போச்சு. அப்புறம் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு என்கிட்ட மட்டும் சொன்னாங்க. உடம்பைப் பத்தி அவங்களுக்கு அப்பவே தெரியும்னு நினைக்கறேன்."

"பட்டறைக்கா? என்ன கேட்கணும்னு வந்தா?"

"பட்டறைக்கு ஒண்ணும் இல்லை சார்." எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்டது. "உங்களுக்காகத்தான் கேட்கணும்னு வந்தாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டார். ஸஹானா, 'யாருப்பா?' என்று உதட்டசைவில் கேட்டுக்கொண்டே ஸ்டூலை நகர்த்தினாள். டெலிபோன் கம்பியில் கரகரவென்று சத்தம். அதற்குள்ளிருந்து நஸ்ருன்னிசாவின் குரல் மறுபடியும் வந்தது.

"ஹலோ, சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் சுவாமிநாதன். "சொல்லுங்கோ."